பன்னிரண்டு வருடம் ஓடிய கம்ப்யூட்டரும் அடுத்த கம்ப்யூட்டரும்

எளாவூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது செக்போஸ்ட்தான். சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் தேசிய நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடம். ரயிலில் போகிறவர்களுக்கு கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன். வேலைக்குப் போகிறவர்களுக்கு சிப்காட் பக்கத்து ஊர். கம்ப்யூட்டர் பற்றிப் பேச இந்த ஊர் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் வாங்குவது பற்றி எழுதப்படுகிற, வீடியோவில் பேசப்படுகிற அறிவுரைகளில் முக்கால்வாசி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பாகத்தை மாற்றுகிறவர்களுக்கானவை. ஷிப்டு சம்பளத்தில் ஓடுகிற வீடுகளில் கதை வேறு. அங்கே டெஸ்க்டாப் என்பது ஃபிரிட்ஜ் மாதிரி. ஒருமுறை வாங்கினால் அது சாகும்வரை அதுதான். பன்னிரண்டு வருடம் ஒரே பெட்டியை வைத்து ஓட்டியவரைப் பார்த்து "இன்னுமா இதை வச்சிருக்கீங்க?" என்று சிரிப்பதும் வழக்கமாகிவிட்டது.

சிரிக்க ஒன்றுமில்லை. கொடுத்த காசுக்கு முழுதாக வேலை வாங்கியவர் அவர்தான். அடுத்த கம்ப்யூட்டரையும் அதே மாதிரி பத்து வருடம் ஓடும்படி சேர்ப்பது எப்படி என்பதுதான் அவர் கேட்கவேண்டிய கேள்வி. கடைக்காரர் காட்டும் "லேட்டஸ்ட்" அதற்குப் பதில் இல்லை.

அந்தப் பழைய பெட்டி

2012 வாக்கில் அசெம்பிள் செய்த ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 அல்லது அதைவிட மலிவான ஒரு பென்டியம். எச்61 மதர்போர்டு. 2 அல்லது 4 ஜிபி டி.டி.ஆர்.3 ரேம். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கட்டாயம் ஒரு யு.பி.எஸ். அந்த வருடம் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். யு.பி.எஸ். இல்லாமல் ஒரு ரெஸ்யூமேகூட டைப் செய்து முடிக்க முடியாத காலம் அது. கடைக்காரர் போட்டுக் கொடுத்த விண்டோஸ் 7, தமிழ் டைப் செய்ய இ-கலப்பையோ என்.எச்.எம். ரைட்டரோ.

அந்தப் பெட்டி என்னென்னவோ செய்தது. அண்ணனின் டிப்ளமோ புராஜெக்ட், அக்காவின் கல்யாணப் பத்திரிகை, கேமராவிலிருந்து இறக்கிய போட்டோக்கள், 2020 ஊரடங்கில் தம்பியின் ஆன்லைன் கிளாஸ். நடுவில் ஒருநாள் ஆன் ஆகாமல் பீப் பீப் என்று கத்தியிருக்கும். ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அதன் தங்கநிறப் பற்களைத் தேய்த்து மறுபடி மாட்டியதும் ஓடியிருக்கும். கிழக்கே பழவேற்காடு ஏரி, மேலே தொழிற்சாலைத் தூசி. உப்பும் தூசியும் சேர்ந்த காற்றில் இந்த ரப்பர் வைத்தியம் தெரியாத கம்ப்யூட்டர் வீடு இருக்காது!

அந்த ரப்பர் வைத்தியத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மூடியைத் திறந்து உள்ளே கைவைக்க முடிந்ததால்தான் அந்தப் பெட்டி பன்னிரண்டு வருடம் ஓடியது.

இப்போது என்ன அவசரம்?

அவசரத்தை உண்டாக்கியது பெட்டி இல்லை, நாள்காட்டி. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 10க்கு மட்டும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட்டை நீட்டிக்கொள்ள வழி விட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும், இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பிராசசரும் வேண்டும். எட்டாம் தலைமுறை வந்தது 2017இல். அதாவது 2012 பெட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், பட்டியலில் இல்லை.

இங்கே பலர் நேராகக் கடைக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் ஒரு படி இருக்கிறது. பழைய பெட்டி மெதுவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் பிராசசர் இல்லை, ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டு நொடிக்கு நூறு எம்பி சொச்சம் படிக்கும், அதுவும் தொடர்ச்சியாக இருந்தால். அதே கேபிளில் மாட்டும் சாதாரண எஸ்.எஸ்.டி. அதைவிட வேகமாகப் படிக்கும். சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றை நிறுவிப் பார்க்கலாம். டைப்பிங், பாட்டு, பிரவுசர், கணக்கு ஷீட், நிரல் எழுதப் பழகுவது எல்லாம் நடக்கும். சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அதனால் லினக்ஸ் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அன்னியமானது இல்லை.

இது போதுமென்றால் செலவு அதோடு முடிந்தது. போதாவிட்டாலும் நஷ்டமில்லை, அந்த எஸ்.எஸ்.டி. புதிய பெட்டியிலும் மாட்டிக்கொள்ளும். ஆட்டோகேட் ஓட்டவேண்டும், ஆண்ட்ராய்டு ஆப் எழுதவேண்டும், அல்லது மதர்போர்டே போய்விட்டது என்றால்தான் புதிதாகச் சேர்க்கும் பேச்சு.

போன் போதாதா? லேப்டாப் வாங்கலாமே?

நியாயமான கேள்விகள். போனில் பார்க்கலாம், படிக்கலாம், பணம் அனுப்பலாம். ஆனால் பத்துப் பத்தி உள்ள ஷீட்டில் ஸ்டாக் கணக்குப் போடுவதோ, ஒரு டிராயிங்கைத் திறந்து அளவு மாற்றுவதோ போனில் நடக்கிற காரியமில்லை. சிப்காட் கம்பெனிகளில் லைனில் நிற்கும் வேலைக்கும், ஸ்டோர்ஸ், குவாலிட்டி, பிளானிங் பக்கம் நகரும் வேலைக்கும் நடுவில் இருக்கும் படிகளில் ஒன்று எக்செல். அதைக் கம்பெனியில் போய்க் கற்றுக்கொள்ள முடியாது, தெரிந்துகொண்டுதான் உள்ளே போகவேண்டும். ஐ.டி.ஐ., டிப்ளமோ படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு கீபோர்டும் பெரிய திரையும் ஆடம்பரம் இல்லை. இன்னொன்று, போன் ஒரு ஆளுடையது. டெஸ்க்டாப் வீட்டுடையது. அம்மாவும் உட்காரலாம், தம்பியும் உட்காரலாம்.

லேப்டாப்புக்கு இரண்டு பெரிய நன்மைகள் உண்டு. கரண்ட் போனாலும் ஓடும், ஹாஸ்டலுக்கு எடுத்துப் போகலாம். வெளியூரில் தங்கிப் படிப்பவர் லேப்டாப்தான் வாங்கவேண்டும், அதில் சந்தேகமில்லை. தமிழக அரசும் 2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு வருடத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினி அல்லது மடிக்கணினி தருவதாக அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் வீட்டிலேயே மேஜை போட்டு வைக்கிற கம்ப்யூட்டர் என்றால் கணக்கு மாறுகிறது. இப்போது வரும் பல லேப்டாப்புகளில் ரேம் மதர்போர்டோடு ஒட்டவைக்கப்பட்டு வருகிறது. பேட்டரி உப்பினால் செலவு, கீ ஒன்று போனால் மொத்த கீபோர்டையே மாற்ற வேண்டியிருக்கும். டெஸ்க்டாப்பில் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றினால் போதும். நல்ல பாகங்கள் அப்படியே இருக்கும்.

தூங்கி எழுந்தவர் கவனிக்கவேண்டியவை

பன்னிரண்டு வருடம் கழித்துக் கடைக்குப் போகிறவருக்கு எல்லாப் பெயரும் புதிதாக இருக்கும். பயப்பட வேண்டியதில்லை. மாறாதவையே நிறைய.

கேபினெட் பெரும்பாலும் அப்படியே உதவும். ஏ.டி.எக்ஸ். என்கிற அளவு 1995இல் வந்தது, ஸ்க்ரூ ஓட்டைகள் இன்றும் அதே இடத்தில்தான். சாட்டா ஹார்ட் டிஸ்க் மாட்டும். யு.எஸ்.பி. கீபோர்டு, மவுஸ் மாட்டும். பழைய மானிட்டரில் வி.ஜி.ஏ. மட்டும் இருந்தால், புது போர்டில் வி.ஜி.ஏ. இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு கன்வர்ட்டர் போதும்.

பழைய ரேம் உதவாது. டி.டி.ஆர்.3, 4, 5 மூன்றுக்கும் பள்ளம் வேறு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் உட்காராது. பிராசசரும் மதர்போர்டும் ஜோடியாக மாறவேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழையது மாட்டிவிடும், ஓடவும் செய்யலாம். ஆனால் பன்னிரண்டு வருடம் வெயிலிலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலும் காய்ந்த கெபாசிட்டர்களை நம்பிப் புது போர்டைக் கொடுப்பது, புது பைக்குக்குப் பழைய பிரேக் கேபிள் போடுவது மாதிரி. பழையவற்றில் பிராசசருக்கு நான்கு பின் இணைப்புதான் இருக்கும், புது போர்டுகள் பெரும்பாலும் எட்டு பின் கேட்கும். "கேபினெட்டோடயே எஸ்.எம்.பி.எஸ். வருதுண்ணா, தனியா எதுக்கு?" என்பது எந்தக் கடையிலும் கேட்கக்கூடிய வசனம். மேலே 500 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதெல்லாம் 500 வாட்ஸ் இல்லை. 80 பிளஸ் முத்திரையும் சில வருட வாரண்டியும் உள்ள ஒன்றைத் தனியாக வாங்குவதுதான் பத்து வருடத்துக்கான முதல் செலவு.

காசை எங்கே போடுவது?

வீடியோ அறிவுரைகள் காசை பிராசசரிலும் கிராஃபிக்ஸ் கார்டிலும் கொட்டச் சொல்லும். பத்து வருடம் ஓட்ட நினைப்பவர் தலைகீழாகச் செய்யவேண்டும். எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு இரண்டிலும் கஞ்சத்தனம் கூடாது. பிராசசரில் நடுத்தரம் போதும். கேம் ஆடுவதோ வீடியோ எடிட்டிங்கோ தொழில் இல்லை என்றால் தனி கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம்.

அதில் ஒரு பொறி உண்டு. இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். விலை கொஞ்சம் குறைவு என்று வாங்கி வந்து, எல்லாம் மாட்டி ஆன் செய்தால் திரையில் ஒன்றும் வராது!

மதர்போர்டு தேர்வுதான் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டில் ரைசன் பிராசசர்கள் 2017இல் வந்தன. அந்த வருடம் வாங்கிய போர்டுகள் பலவற்றில், பயாஸ் அப்டேட் செய்து 2022இல் வந்த பிராசசரைக்கூட மாட்ட முடிந்தது. அடுத்த ஏ.எம்.5 சாக்கெட் 2022இல் வந்தது. அதற்கும் 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று அந்தக் கம்பெனி சொல்லியிருக்கிறது. இன்டெல் பக்கம் சாக்கெட் அடிக்கடி மாறும். 2020, 2021, 2024 என்று மூன்று முறை மாறியது. இன்டெல் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. வாங்கிய நாளில் எது வேகம் என்று மட்டும் பார்க்காமல், ஐந்து வருடம் கழித்து செகண்ட் ஹேண்டில் ஒரு பெரிய பிராசசர் வாங்கி இதே போர்டில் மாட்ட முடியுமா என்றும் கேட்கவேண்டும் என்றுதான் அர்த்தம்.

ரேம் விலை என்கிற வெள்ளம்

2025 கடைசியில் ரேம் விலை கன்னாபின்னாவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டதுதான் காரணம். சில மாதங்களில் விலை இரண்டு மடங்கானது, சில வகைகளில் அதற்கும் மேல். 2025 டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு விற்றுவந்த குரூஷியல் ரேம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. எங்கோ ஒரு கம்பெனி எடுக்கும் முடிவு, எளாவூரில் ஒரு குடும்பம் தீபாவளி போனஸில் போட்ட கணக்கைப் புரட்டிவிடுகிறது.

இது முதல்முறை இல்லை. 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் ஆலைகள் மூழ்கின. உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது. பழைய நிலைக்கு வர நீண்ட காலம் பிடித்தது. 2012இல் பெட்டி வாங்கியவர்கள் பலர் அந்த விலையைத்தான் கொடுத்தார்கள்.

அதிலிருந்து கிடைக்கிற பாடம் எளிது. விலை ஏறியிருக்கும்போது தேவைக்கு மட்டும் வாங்கு, இடத்தைக் காலியாக விடு. இரண்டு எட்டு ஜிபிக்குப் பதில் ஒரே ஒரு பதினாறு ஜிபி, அதுவும் முடியாவிட்டால் ஒரே ஒரு எட்டு ஜிபி. மற்ற ஸ்லாட் காலியாக இருக்கட்டும். ஒற்றை ரேமில் வேகம் கொஞ்சம் குறையும்தான். அது தாங்கிக்கொள்ளக்கூடிய குறை. விலை இறங்கும் வருடத்தில் இன்னொன்று மாட்டிக்கொள்ளலாம். கடன் வாங்கி இன்றே முழுதாக நிரப்பச் சொல்லும் அறிவுரை, கடனைக் கட்டாதவர் சொல்லும் அறிவுரை.

ரிச்சி ஸ்ட்ரீட் போகும்போது

எளாவூரிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் ஐம்பது கிலோமீட்டர். அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன், அரசினர் தோட்டம். இறங்கி நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட். வழி சுலபம், கிழமைதான் சிக்கல். பலருக்கு வார லீவு ஞாயிறு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரும்பாலான கடைகளுக்கும் லீவு ஞாயிறு. அதனால் போகிறவர் ஒருநாள் சம்பளத்தை விட்டுத்தான் போகிறார். அந்த நாள் வீணாகக்கூடாது. பாகங்களின் பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு, சீரியல் நம்பர் எழுதிய ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்கவேண்டும். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு வரி 18 சதவீதம். "பில் இல்லாம இன்னும் குறைச்சுத் தர்றேன்" என்றால் ஆசை வரும். ஆனால் பிராசசருக்கும் போர்டுக்கும் பொதுவாக மூன்று வருட வாரண்டி உண்டு. பில் இல்லாதவருக்கு அந்த வாரண்டி வெறும் பேச்சு.

கடையிலேயே மாட்டித் தருவார்கள். ஆனாலும் வீட்டில் தானே மாட்டுவதுதான் நல்லது. சிப்காட்டில் பெரிய பெரிய மெஷினைக் கழற்றி மாட்டுகிற ஃபிட்டருக்கு ஒரு கேபினெட்டில் சில ஸ்க்ரூ முடுக்குவது பெரிய வேலையா? வேலைக்கு முன் ஒரு இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, மதர்போர்டு புத்தகத்தைப் பார்த்து, நிதானமாகச் செய்தால் ஒரு மத்தியான வேலை. தானே மாட்டியவர் நாளைக்கு அது பீப் அடித்தால் தானே திறப்பார். மாட்டத் தெரியாதவர் ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறவேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒருநாள் சம்பளம்.

ஒன்று மட்டும் முதலில். பழைய பெட்டியைக் கழற்றும் முன் அதன் டி டிரைவில் உள்ள போட்டோக்களை வேறு இரண்டு இடத்தில் பிரதி எடுக்கவேண்டும். போர்டுக்கும் பிராசசருக்கும் மாற்று கடையில் கிடைக்கும். பாட்டியின் போட்டோ கிடைக்காது.

பழைய பெட்டி எங்கே போகும்?

மற்ற ஊர்க்காரர்கள் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். இந்தப் பகுதிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைகளும், மின்கழிவைப் பிரிக்கும் ஆலைகளும் கும்மிடிப்பூண்டி பக்கம்தான் இருக்கின்றன. எங்கெங்கோ தூக்கி எறியப்பட்ட யு.பி.எஸ். பேட்டரியும் போர்டும் கடைசியில் வந்து சேரும் இடங்களில் இதுவும் ஒன்று. பழைய டப்பா மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் உண்டு, பழைய போர்டுகளின் பற்றவைப்பில் ஈயம் உண்டு. முறையாகச் செய்தால் அது மூலப்பொருள். வயரைத் தெருவோரம் எரித்துச் செம்பு எடுத்தால் அது விஷம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், தயாரிப்பாளர்களே பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைகள் மூலம் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன. ஆனால் காயலான் கடை வண்டி வாசலுக்கே வருகிறது, விதி வாசலுக்கு வருவதில்லை.

அதனால் ஓடுகிற பழைய பெட்டியை எடைக்குப் போடாமல் லினக்ஸ் போட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஓடாததைப் பதிவுபெற்ற இடத்தில் சேர்க்கலாம். யு.பி.எஸ். பேட்டரியைப் புதுசு வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம்.

அதைவிட நல்ல வழி, குப்பையே குறைவாக உண்டாக்குவது. மூன்று வருடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் மாற்றுவது முன்னேற்றம் என்று விளம்பரங்கள் சொல்லும். அந்த முன்னேற்றத்தின் மிச்சம் எந்த ஊர்க் காற்றில் கலக்கிறது என்று விளம்பரம் சொல்லாது. பன்னிரண்டு வருடம் ஒரே பெட்டியை ஓட்டியவர் தெரிந்தோ தெரியாமலோ தன் பர்ஸுக்கும் தன் ஊருக்கும் சேர்த்து நல்லது செய்திருக்கிறார். இப்போது புதிதாகச் சேர்க்கும் பெட்டியில் காலியாக விடும் அந்த ஒரு ரேம் ஸ்லாட்டும், தனியாக வாங்கும் அந்த எஸ்.எம்.பி.எஸ்ஸும்தான் அடுத்த பத்து வருடத்துக்கான முதலீடு. பென்சில் ரப்பரையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். டி.டி.ஆர்.5க்கும் அதே வைத்தியம்தான்.